குட்டைக் கரையில் ஒரு சிவப்பு

லாமி, ஃபிஜி
9 ஆகஸ்ட் 1987

இல்லை அக்கா, பயம் இல்லை. நீங்கள் எல்லோரும் போனதில் வீடு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. போன கடிதத்தில் அதைச் சரியாக எழுதத் தெரியவில்லை, நீ பயம் என்று எடுத்துக்கொண்டாய்.

நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் சுகமா? பிரனேஷ் அத்தானுக்கு வேலை கிடைத்ததா? அத்தையின் தோள் எப்படி இருக்கிறது? ஷாலீன் ஆக்லாந்துக் குளிரிலும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிகிறானா? நான் சுகம். இருமல் போய்விட்டது.

பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆசிரியர் அறையில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. மே மாதம் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்ததிலிருந்து எங்கே திரும்பினாலும் கிளம்புகிறவர்களின் சாமான் விற்பனை. பல்கலைக்கழகத்தில் எனக்கு இலக்கியம் எடுத்த ஆஸ்திரேலியப் பேராசிரியையும் கிளம்புகிறார். அவர் வீட்டுக்கு வாணலி வாங்கப் போனேன். ஒரு பெட்டி எண்ணெய் வர்ணமும் ஒரு தடித்த புத்தகமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

புத்தகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன் வரைந்த குளங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திட்டு திட்டாக வர்ணம். மேசையில் சாய்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் திரும்பினால், தண்ணீர். ஒரு மாலை முழுக்க இப்படி நடந்துகொண்டிருந்தேன்.

அத்தான் அனுப்பிய விசா காகிதங்கள் வந்தன. மேசையில் இருக்கின்றன.

தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. பிரிக்கட்டும். நம் சங்கத்துப் பள்ளியில் கற்ற இந்தத் தமிழைப் படிக்கத் தெரிந்த சிப்பாய் இன்னும் பிறக்கவில்லை.

உன்
மோகினி


ஒட்டாஹூஹூ, ஆக்லாந்து
30 ஆகஸ்ட் 1987

என் செல்லத் தங்கை மோகினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகமும் அப்படியே இருக்க வேண்டும். வாணலி வாங்கப் போனவள் வர்ணம் வாங்கி வந்தாளாம்! அப்புறம் எதில் சமைக்கிறாய்? மூன்று வேளையும் ரொட்டியும் டின் மீனும் என்று எனக்குத் தெரியாதா?

அத்தானுக்குக் கோழி பொதியும் தொழிற்சாலையில் வேலை. சுவாவில் சொந்தக் கடை வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்ததும் கை கழுவுகிறார். வெகுநேரம் கழுவுகிறார்.

அத்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கிளம்பும்போது வீட்டு மாரியம்மன் படத்தைக் கோயிலில் வைத்துவிட்டு வந்தோமே, அது யார் சொல்லி? அவரே சொல்லி. "ஆத்தாவ நாம தூக்கிட்டுக் கடல் தாண்டக் கூடாதுடி. அவளுக்கு இஷ்டமிருந்தா அவளே வருவா." இப்போது காலையில் குளித்துவிட்டு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறார். "விநிதா, இத எங்கடி வைக்கறது? ஃபிரிட்ஜுக்கு முன்னாலயா?"

சுவா பஸ் நிலையத்தில் ஃபிஜியப் பையன்கள் பிடித்துத் தள்ளிய தோளை இன்னமும் பிடித்துக்கொள்கிறார். டாக்டர் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லையாம்.

காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சோபாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. அத்தானுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் இதை எழுதலாம். நீ இல்லாமல் எனக்கு இங்கே பேச ஆளில்லை.

அன்பு முத்தங்களுடன்
அக்கா


லாமி
29 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ராணுவம் இரண்டாம் முறையும் வந்ததை அங்கே ரேடியோவில் கேட்டிருப்பாய். நான் சுகம். லாமியில் ஒன்றும் ஆகவில்லை. பால் மட்டும் சில நாள் கிடைக்கவில்லை.

படம் வரைந்தேன்.

லாமிக்கு மேலே, கல் உடைத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று உண்டே. மழைத்தண்ணீர் நின்று குட்டையாகிவிட்டது. காற்று உள்ளே இறங்குவதில்லை. தண்ணீர் அசைவதே இல்லை. கரை முழுக்க யாரும் நடாத பூக்கள். மஞ்சளாக ஒரு படர்கொடி, உண்ணிப்பூ, தொட்டாற்சுருங்கியின் ஊதா உருண்டைகள்.

மாவு மூட்டைத் துணியைத் துவைத்துச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தேன். அதன் மேல் அத்தான் விட்டுப்போன வெள்ளைப் பெயின்ட். முதலில் தண்ணீரை நீலமாக வரைந்தேன். தகரம் மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்தேன். பிறகு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே நீலமே கிடையாது. தலைகீழாக நிற்கும் பூக்கள்தான் இருந்தன. கோடு போடுவதை விட்டுவிட்டேன். கண்ணில் பட்டதைப் பட்டபடி வைத்தேன்.

ஞாயிறு கர்த்தரின் ஓய்வு நாள் என்று ராணுவம் சட்டம் போட்டிருக்கிறது, அன்று எதுவும் செய்யக் கூடாது. பஸ் ஓடாது. கடலில் குளிக்கக் கூடாது. வேலை செய்கிறவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போன ஞாயிறு குட்டைக்கு ஒரு சிப்பாய் வந்துவிட்டான். சின்ன வயது. படம் வரைவது வேலையா இல்லையா என்று அவனுக்குச் சந்தேகம். எனக்கும்தான். அங்கே இருந்த ஒருவர் அவனிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான்.

எதிர்வீட்டு யோகேந்திராவின் குடும்பமும் கிளம்புகிறது. அவர்களிடம் படத்தைச் சுருட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அத்தைக்கு என் வணக்கம். ஷாலீனுக்கு என் முத்தம்.

மோகினி


ஆக்லாந்து
20 டிசம்பர் 1987

அன்பு மோகினி,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். உன் படம் வந்து வீடு ரெண்டாகிவிட்டது. சொல்கிறேன் கேள்.

யோகேந்திரா கொண்டுவந்து கொடுத்ததும் பிரித்தோம். முதலில் பின்பக்கம் தெரிந்தது. மாவு கம்பெனியின் கோழிப் படம். அத்தான், "உன் தங்கச்சி நல்லாத்தான் கோழி போடறா" என்றார். திருப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சளும் பச்சையுமாக, குழந்தை சோறு இறைத்த மாதிரி. மூலையில் ஒரு சிவப்பு.

சுவரில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அத்தை சமையல்கட்டு வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குக் கண்ணில் புரை வேறு. "ஏ பொண்ணு, இங்க வா. இது யாருன்னு தெரியல உனக்கு?" என்றார். "தண்ணிக் கரையில, மஞ்சப் பூவு நடுவுல, செவப்பு கட்டிக்கிட்டு. கரகம் எடுக்க ஆத்தா எறங்கற எடம்டி இது! நான் சொன்னேனா இல்லையா, அவளே வருவான்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் படம் சுவரிலிருந்து இறங்கி, அலமாரியின் மேல் ஏறி, மஞ்சளும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. குங்குமம் அந்தச் சிவப்பின் மேலேயே. இப்போது தினமும் காலையில் விளக்கு, சூடம். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். தோளைப் பிடித்துக்கொள்வதை மறந்துவிட்டார், மோகினி. அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னிடம் மட்டும் சொல். அந்தச் சிவப்பு என்ன?

காகிதங்கள் இன்னும் வரவில்லையே. மறந்துவிட்டாயா?

அக்கா


லாமி
10 ஜனவரி 1988

அக்கா,

உங்கள் எல்லோருக்கும் புத்தாண்டு நன்றாக விடிந்திருக்கட்டும். நான் சுகம். கடிதத்தைப் பள்ளியில் பிரித்துவிட்டேன். சிரித்ததில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

சூடத்தைப் படத்துக்குக் கிட்டே காட்ட வேண்டாம் என்று அத்தையிடம் சொல். எண்ணெய் வர்ணம், பற்றிக்கொள்ளும். குங்குமத்தைத் துடைக்கவும் வேண்டாம். ஒட்டிப்போயிருக்கும்.

சிவப்பு தேவைப்பட்டது. இவ்வளவு பச்சைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிவப்பு வைத்தால் இரண்டும் விழித்துக்கொள்ளும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

வெயில் அதிகம். மாம்பழம் எல்லாம் வௌவாலுக்கு.

மோகினி


ஆக்லாந்து
31 ஜனவரி 1988

மோகினிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே சுகம்.

நேற்று ஷாலீனுக்கு ஜுரம். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கோடி அறையிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்பியபோது, படம் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது. அதில் தலைகீழாகப் பூக்கள். கரையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். சிவப்புச் சட்டை, அகலமான தோள். முகம் உன் பக்கம்.

நீ சின்ன வயதில் எதையாவது ஒளித்துவைத்தால் வெயிலைப் பற்றிப் பேசுவாய்.

யாரடி அது?

அக்கா


லாமி
21 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ஷாலீனுக்கு ஜுரம் விட்டதா? அதை முதலில் எழுது.

அவர் பெயர் அபிசாய். எங்கள் பள்ளியில் பூகோளம் எடுக்கிறார். நம்மைப் போல் கப்பலில் வந்த வம்சம் இல்லை, இந்த மண்ணின் ஃபிஜியர். அப்பா வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அடுத்த வீட்டில் இந்தி பேசும் நம் ஆட்கள், அதனால் அவருடைய இந்தி என் இந்தியைவிட நன்றாக இருக்கும். எங்களுக்குள் அதில்தான் பேச்சு.

சிப்பாய் வந்த கதையில் "ஒருவர்" என்று எழுதினேனே, அவர்தான். காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டு, இடுப்பில் கட்டிய அந்தச் சுலுவோடும் சிவப்புச் சட்டையோடும் வந்து உட்கார்ந்திருந்தார். சிப்பாய் என்னைப் பார்த்து, இது வேலை, எழுந்திரு என்றான். அபிசாய் எழுந்துபோய் அவன் தோளில் கைபோட்டு அழைத்துவந்து படத்துக்கு மிக அருகில் நிறுத்தினார். அவர்கள் பாஷையில்தான் சொன்னார், பிறகு எனக்கு இந்தியில் சொன்னார். "தம்பி, நல்லாப் பாரு. இத வேலைன்னு சொன்னா, வேலை செய்யறவனுக்கு ரோஷம் வராது? எதாவது ஒண்ணு முடிஞ்சிருக்கா இதுல?" சிப்பாய் மூக்கை வைத்துப் பார்த்தான். சிரித்தான். போய்விட்டான். அவர் திரும்பிவந்து, "மன்னிச்சுக்க, எனக்குத் தூரத்திலேர்ந்து பாக்க ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார்.

அன்று மதியம்தான் சிவப்பை வைத்தேன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். அவருடைய அம்மா ஒரு வாரம் அழுதாராம். நம் பெண்களுக்கு என்ன குறை என்று அங்கேயும் கேட்கிறார்கள். இப்போது சம்மதித்துவிட்டார்கள். முறைப்படி பெண் கேட்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் திமிங்கலப் பல்லைக் கொண்டுவந்து பெண் வீட்டார் கையில் கொடுத்துக் கேட்பார்கள். வாங்கிக்கொண்டால் சம்மதம். பொதுவாக ஆண்பிள்ளைதான் வாங்க வேண்டுமாம். அப்பாவோ அண்ணனோ இல்லையென்றால் அக்கா போதும் என்று அவருடைய மாமா சொல்லிவிட்டார்.

எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

விசா காகிதங்களில் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன். இதை முன்பே எழுதியிருக்கலாம்.

மோகினி


லாமி
3 ஏப்ரல் 1988

அக்கா,

சுகமா? நான் சுகம்.

தபால் தாமதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் மின்சாரக் கட்டண ரசீது ஒழுங்காக வந்தது.

பெண் கேட்க வரும்போது என் பக்கம் யார் உட்காருவார் என்று அபிசாயின் மாமா கேட்டனுப்பினார். இன்னும் தெரியவில்லை என்று சொன்னேன்.

ஷாலீன் எப்படி இருக்கிறான்?

மோகினி


ஆக்லாந்து
17 ஏப்ரல் 1988

மோகினிக்கு,

ஷாலீன் சுகம்.

மே மாதம் அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நீ. அந்தத் தோளை நீ பார்த்தாய். அத்தானின் கடைக் கண்ணாடியை என்னோடு சேர்ந்து கூட்டி அள்ளினாய். அப்படியும் எழுதுகிறாய்.

தெரிந்த பிறகு விளக்குக்கு எண்ணெய் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. அத்தை ஒன்றும் தெரியாமல் தினமும் அவனுக்குச் சூடம் காட்டுகிறார். நான் பின்னால் நிற்கிறேன்.

என்னால் வர முடியாது.

விநிதா


லாமி
8 மே 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

தோள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கைவிரல்கள் பதிந்திருந்தன. அத்தை சொன்ன அடையாளத்தை வைத்து, அவர்களில் ஒருவன் என் வகுப்பில் படித்தவன் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை. அபிசாயிடம் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "அவன எனக்கும் தெரியும்" என்றார். பிறகு நாங்கள் வெகுநேரம் பேசவில்லை. அப்படிப் பேசாமல் இருக்க முடிகிற ஒருவர் எனக்கு இதுவரை உன்னைத் தவிர யாரும் இருந்ததில்லை.

நடந்தது எதையும் நான் சின்னதாக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது. அதோடு இவரும் இருக்கிறார்.

பெண் கேட்கும் சடங்கை ஜூலை இரண்டாம் தேதி வட்டுகோலாவில் அவர் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். வர முடியாவிட்டால் வர வேண்டாம். நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும்.

கடிதம் மட்டும் நிறுத்திவிடாதே.

உன்
மோகினி


ஆக்லாந்து
10 ஜூன் 1988

என் மோகினிக்கு,

எல்லோரும் சுகம். அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னார். என்ன கேட்டார் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தை தட்டில் சூடத்தை ஏற்றி எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன்.

"அத்தை, போதும். அது ஆத்தா இல்ல."

"தெரியும்."

"ஆம்பள, அத்தை."

"தெரியுங்கறேன். ஆத்தாவுக்கு இவ்வளவு அகலமாத் தோளு வருமா? சுலு வேற கட்டியிருக்கான்."

"அப்ப எதுக்குச் சூடம் காட்டறீங்க?"

"மொதல்ல ஆத்தான்னுதான் நெனச்சேன். அப்பறம் பாக்கப் பாக்கக் கண்ணு பழகிடிச்சு. அதுக்குள்ள பொட்டு வச்சாச்சே. வச்ச பொட்ட எப்படிடி அழிக்கறது?"

சரி, தெரிந்தது தெரியட்டும் என்று மீதியையும் சொன்னேன். மோகினி இவரைத்தான் கட்டிக்கப் போறா என்றேன். சூடம் தட்டிலேயே எரிந்து அணைந்தது. "படத்துக்குச் சூடம் காட்டிடலாம்" என்றார். "மாப்பிள்ளைன்னு வந்து நின்னா என்னத்தக் காட்டறது?" கை தோளுக்குப் போய்விட்டது. அன்றும் மறுநாளும் விளக்கு ஏற்றவில்லை. எனக்கும் அவருக்கும் பேச்சில்லை. அத்தானுக்கும் எனக்கும் அதற்கு முன்னாலேயே இல்லை. விஷயத்தை எங்கள் வழக்கப்படி இந்தியில் சொன்னேன், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அத்தை பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் பல்லு வாங்க யாரு உக்கார்றாங்க?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா? அரே, பொண்ணு பக்கம் பாய் காலியாவா கெடக்கும்? அவங்க சனம் மொத்தமும் வந்து பாக்கும். நம்ம கூட்டத்துக்கு நாதியில்லன்னு நெனக்க மாட்டாங்க? அதுக்கா நான் அந்தப் புள்ளைக்கு ஜடை பின்னிவிட்டேன்?"

"நீங்கதான் வேணாம்னீங்க."

"இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன். வேணாம்ங்கறது வேற. நீ போய் உக்காரு."

"உங்க மகன்?"

"அவனுக்கு நான் சோறு போட்டுக்கறேன், நீ போ."

எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, மோகினி. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். விமானத்தில் ஏறும்போதும் பிடிக்காமல்தான் ஏறுவேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு என்ன ஆகுமோ தெரியாது.

ஆனால் எனக்கு வழக்கம் தெரியாது. அங்கே போய்த் தப்பாக ஏதாவது செய்துவைக்கக் கூடாது. பல்லை உட்கார்ந்து வாங்க வேண்டுமா, நின்றா? இரண்டு கையாலும் வாங்குவதுதானே? வாங்கியதும் என்ன சொல்ல வேண்டும்? அவர்கள் பாஷையில்தான் சொல்ல வேண்டுமா, தமிழில் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா? அபிசாயிடம் கேட்டு எழுது. அவருக்குச் சரியாகத் தெரியாவிட்டால் அவருடைய மாமாவிடம் கேட்கச் சொல். என்ன நிறத்தில் சேலை கட்டலாம் என்பதையும் கேட்கச் சொல்.

ஷாலீனை அத்தையிடம் விட்டுவிட்டு, இன்று மத்தியானம் பஸ் பிடித்து டவுனுக்குப் போனேன். அங்கே நாடி விமான நிலையத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன், போகவும் வரவும்.

அக்கா